டியூக், நார்த் கரோலைனா, ஏசிசி: மார்ச் கணக்கு நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது

கேட்கப்பட்டவை மூன்று. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் எத்தனையோ பகைகள் இருக்க, டியூக்–நார்த் கரோலைனா பகைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு? இந்த அணிகள் இருக்கும் ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், ஒரு கல்லூரிக் கூட்டமைப்பு) என்ற கான்ஃபரன்ஸுக்குள் 18 வெற்றி, 2 தோல்வி என்று முடித்த லூயிவில்லுக்கு, 2025 மார்ச்சில் நடந்த தேசிய என்சிஏஏ போட்டியில் வெறும் 8-ஆம் சீடு (தர எண், 1 தான் மேலானது) கிடைத்தது எப்படி, அந்த ஆண்டு ஏசிசி-யிலிருந்து 4 அணிகள் மட்டும் போனது ஏன்? இனி அந்தக் கான்ஃபரன்ஸ் தேறுமா என்பதை எதைப் பார்த்துக் கணிப்பது?

மூன்றுக்கும் முடிச்சு ஒன்றுதான். பகை ஆட்டம் நடப்பது பிப்ரவரியிலும் மார்ச்சிலும். அந்த ஆட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது நவம்பரிலும் டிசம்பரிலும், பெரும்பாலான ரசிகர்கள் அரைக்கண்ணோடு பார்க்கும் ஆட்டங்களில், முடிவாகிவிடுகிறது.

முதலில் பகை. டர்ஹம் ஊரில் டியூக், சேப்பல் ஹில்லில் நார்த் கரோலைனா. இரண்டுக்கும் நடுவே சாலை வழியே ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான். ஒன்று தனியார் பல்கலைக்கழகம், பெரும்பாலும் வெளி மாநிலப் பிள்ளைகள் படிக்க வரும் இடம். மற்றது மாநில அரசின் பல்கலைக்கழகம், உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம். இரண்டிலும் படித்தவர்கள் பிறகு ஒரே அலுவலகத்தில், ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தூரத்து எதிரியோடு ஆண்டுக்கு ஒரு நாள் மோதுவது வேறு, வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவனோடு தினமும் முகம் பார்ப்பது வேறு. இது பங்காளிச் சண்டை. அதனால்தான் ஆறுவதே இல்லை.

முதல் ஆட்டம் 1920 ஜனவரி 24-இல் நடந்தது. டியூக்குக்கு அப்போது டிரினிட்டி கல்லூரி என்று பெயர். ஆனால் வயது மட்டும் ஒரு பகையைப் பெரிதாக்காது. இரண்டு பக்கமும் ஒரே காலத்தில் வலுவாக இருக்க வேண்டும், அதுதான் அரிது. என்சிஏஏ போட்டியில் நார்த் கரோலைனா 6 முறை பட்டம் வென்றிருக்கிறது (1957, 1982, 1993, 2005, 2009, 2017). டியூக் 5 முறை (1991, 1992, 2001, 2010, 2015). ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் 1991, 92, 93 என்று மூன்று ஆண்டும் பட்டம் அந்த 16 கிலோமீட்டர் வட்டத்தை விட்டு வெளியே போகவில்லை என்பது தெரியும். டீன் ஸ்மித் 1961 முதல் 1997 வரை நார்த் கரோலைனாவில் 879 வெற்றி. மைக் ஷஷெவ்ஸ்கி 1980 முதல் 2022 வரை டியூக்கில், ஆர்மி அணியோடு இருந்த காலத்தையும் சேர்த்தால், 1,202 வெற்றி. இப்படிப்பட்ட இரண்டு பயிற்சியாளர்கள் 17 ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து ஊரில் மோதிக்கொண்டது வேறெங்கும் நடக்கவில்லை.

அரங்குகளும் பகைக்கு உரம். டியூக்கின் கேமரன் அரங்கம் 1940-இல் திறந்தது, கொள்ளளவு 9,314 பேர். மாணவர்கள் ஆடுகளக் கோட்டை ஒட்டியே நிற்கிறார்கள். வெளியூர் அணிக்காரர் பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே போட நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால் கை நீட்டும் தூரத்தில் கூட்டம். பந்தை உள்ளே போட 5 நொடிதான் அனுமதி. அந்தச் சத்தத்தில் கூட்டாளி கூப்பிடுவது காதில் விழாது, கண் ஜாடைதான். கேமரனில் ஆடப் போகும் அணிகள் பந்தை உள்ளே போடும் உத்திகளைக் கை சைகையாகப் பழகிக்கொண்டு போவது இதனால்தான். நார்த் கரோலைனாவின் டீன் ஸ்மித் சென்டர் அதற்கு நேர்மாறு: 1986 ஜனவரியில் திறந்தது, 21,000 பேருக்கு மேல் உட்காரலாம், திறப்பு ஆட்டமே டியூக்கோடு, 95-92 என்று வீட்டுக்காரர்கள் ஜெயித்தார்கள். இன்னொரு பக்கம், நார்த் கரோலைனா வரும் ஆட்டத்துக்கு நுழைய டியூக் மாணவர்கள் அரங்கத்துக்கு வெளியே புல்வெளியில் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். ஒரு கூடாரத்துக்கு 12 பேர் வரை, முறை வைத்து யாராவது இருந்தே ஆக வேண்டும், திடீரென்று தலை எண்ணுவார்கள், ஆள் இல்லையென்றால் வரிசை போய்விடும்.

இத்தனை ஆண்டுகளில் இவர்கள் என்சிஏஏ போட்டியில் சந்தித்ததே இல்லை, 2022 வரை. அந்த ஆண்டு மார்ச் 5 அன்று ஷஷெவ்ஸ்கியின் கடைசி உள்ளூர் ஆட்டம். அவரிடம் ஆடிய பழைய மாணவர்கள் அரங்கம் நிறைய வந்திருந்தார்கள். ஹியூபர்ட் டேவிஸ் தலைமைப் பயிற்சியாளராக முதலாண்டில் இருந்த நார்த் கரோலைனா 94-81 என்று ஜெயித்தது. நாலே வாரத்தில், ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ், ஃபைனல் ஃபோர் (என்சிஏஏ போட்டியின் அரையிறுதி). முதல் முறையாக நேருக்கு நேர். 8-ஆம் சீடாக வந்த நார்த் கரோலைனா 81-77. அந்த அணியின் கேலப் லவ் 28 புள்ளி, ஆட்டம் அரை நிமிடத்துக்குள் வந்த நேரத்தில் அவர் போட்ட மூன்று புள்ளி எறிதல்தான் டியூக்கின் கழுத்தை நெரித்தது. ஷஷெவ்ஸ்கியின் பயிற்சியாளர் வாழ்க்கை அந்த ஆட்டத்தோடு முடிந்தது. இறுதியில் கான்சஸிடம் இடைவேளையில் 15 புள்ளி முன்னிலையில் இருந்தும் 72-69 என்று நார்த் கரோலைனா தோற்றது. சேப்பல் ஹில்லில் அந்தத் தோல்வி வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த ஆண்டைப் பற்றிக் கேட்டால் அங்கே யாரும் இறுதி ஆட்டத்தில் தொடங்க மாட்டார்கள்.

மற்றப் பகைகளையும் குறைத்துச் சொல்ல முடியாது. கென்டக்கி–லூயிவில் வெறுப்பின் சூட்டில் இதற்குச் சமம். இந்தியானா–பர்டூ ஒரு மாநிலம் முழுவதையும் இரண்டாகப் பிரிக்கும். ஆனால் பல பழைய பகைகளைக் கான்ஃபரன்ஸ் மாற்றங்கள் கொன்றுவிட்டன. மிசௌரி 2012-இல் எஸ்இசி என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போனதும் கான்சஸோடு இருந்த நூறாண்டுப் பகை 2021 டிசம்பர் வரை நின்றுபோனது. மேரிலாண்ட் 2014-இல் பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போனதோடு டியூக்–மேரிலாண்ட் ஆட்டங்கள் அட்டவணையிலிருந்தே மறைந்தன. டியூக்–நார்த் கரோலைனா பகை உயிரோடு இருப்பதற்கு, இருவரும் 1953-இல் ஏசிசி தொடங்கிய நாள் முதல் அதிலேயே இருப்பது பெரிய காரணம். ஆண்டுக்கு இரண்டு முறை உறுதி, கான்ஃபரன்ஸ் போட்டியில் மூன்றாவது முறையும் வரலாம்.

இனி 2025 கணக்கு. இதை விளங்கிக்கொள்ளத் தேர்வு முறை தெரிய வேண்டும். அந்த ஆண்டு 68 இடங்கள். 2025-இல் 31 கான்ஃபரன்ஸ்களின் போட்டிகளை வென்ற 31 அணிகள் நேரடியாக உள்ளே போயின. மீதி 37 இடங்களை 12 பேர் கொண்ட தேர்வுக் குழு நிரப்பியது. ஒரு கான்ஃபரன்ஸுக்கு இத்தனை என்று ஒதுக்கீடு எதுவும் கிடையாது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு தாள், அதில் அதன் ஆட்ட முடிவுகளை எதிரணியின் நெட் என்ற தரவரிசைப்படி பிரித்த நான்கு பெட்டிகள். இந்தத் தரவரிசை 2018-19 சீசனில் ஆர்பிஐ என்ற பழைய தரவரிசைக்குப் பதிலாக வந்தது.

முதல் பெட்டிக்குள் என்ன வரும் என்பதைத்தான் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சொந்த ஊரில் ஆடினால், எதிரணி 1 முதல் 30-க்குள் இருக்க வேண்டும். பொது இடத்தில் 50-க்குள். எதிரணி ஊரில் 75-க்குள். இரண்டாம் பெட்டிக்கு சொந்த ஊரில் 75 வரை, பொது இடத்தில் 100 வரை, வெளியூரில் 135 வரை. சொந்த ஊரில் 161-க்குக் கீழே உள்ள அணியை வென்றால் அது நான்காம் பெட்டி, கிட்டத்தட்டப் பயனில்லை. தோற்றாலோ அந்தத் தோல்வி மார்ச் வரை தாளில் நின்று உறுத்தும். ஆக, 60-ஆம் இடத்து அணியை அதன் ஊரில் போய் வென்றால் முதல் பெட்டி, அதே அணியை நம் ஊரில் வென்றால் இரண்டாம் பெட்டி.

இப்போது இதைக் கான்ஃபரன்ஸோடு சேர்த்துப் பாருங்கள். 18 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டம் என்றால் கான்ஃபரன்ஸுக்குள் மொத்தம் 180 ஆட்டங்கள்: 180 வெற்றி, 180 தோல்வி. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்குவார். ஜனவரிக்குப் பிறகு ஒரு கான்ஃபரன்ஸின் சராசரி பெரிதாக மாற வழியே இல்லை. வெளி அணிகளோடு நவம்பர், டிசம்பரில் ஆடியதுதான் அந்தச் சராசரியை நிர்ணயிக்கிறது. அங்கே தோற்றுவிட்டு வந்தால், பிறகு தங்களுக்குள் எவ்வளவு உருண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும்.

2024 டிசம்பர் முதல் வாரம் ஏசிசி–எஸ்இசி சவால் ஆட்டங்கள் நடந்தன. முந்தைய ஆண்டு 7-7 என்று சமம். இந்த முறை 14-2 என்று எஸ்இசி வென்றது. ஏசிசி-க்குக் கிடைத்த இரண்டு வெற்றிகள்: டியூக் ஆபர்னை 84-78, கிளெம்ஸன் கென்டக்கியை 70-66. அந்த இரண்டு நாளிலேயே மார்ச்சின் பாதி எழுதப்பட்டுவிட்டது. எஸ்இசி-யில் ஒரு நடுத்தர அணி சொந்த ஊரில் ஜெயித்தாலும் முதல் பெட்டி வெற்றி கிடைக்கும் நிலை. ஏசிசி-யில் டியூக், கிளெம்ஸன், லூயிவில் தவிர மேலே போய்ப் பிடித்துக்கொள்ள ஆளே இல்லை. மார்ச்சில் எஸ்இசி-யின் 16 அணிகளில் 14 உள்ளே போயின, அதற்கு முன் எந்தக் கான்ஃபரன்ஸும் எட்டாத எண். ஏசிசி-யின் 18-இல் 4.

லூயிவில் கதையும் இதுதான். முந்தைய ஆண்டு 8 வெற்றி, 24 தோல்வி என்று கிடந்த அணியை புதுப் பயிற்சியாளர் பேட் கெல்ஸி ஒரே ஆண்டில், தேர்வு நாளன்று, 27-7 ஆக்கியிருந்தார். ஆனால் அந்த 18 கான்ஃபரன்ஸ் வெற்றிகளில் சில மட்டும்தான் தாளில் முதல் பெட்டியில் விழுந்தன. குழு கான்ஃபரன்ஸ் வெற்றி–தோல்வியைப் பார்ப்பதில்லை, யாரை எங்கே வென்றாய் என்றுதான் பார்க்கிறது. என்னைக் கேட்டால் 8-ஆம் சீடு கொஞ்சம் கடுமைதான், 6 கொடுத்திருக்கலாம். ஆனால் முறையின்படி அதில் சூது எதுவும் இல்லை.

நார்த் கரோலைனா பற்றித்தான் அந்த ஆண்டு பெரிய சண்டை. முதல் பெட்டியில் 1 வெற்றி, 12 தோல்வி. இருந்தும் கடைசி அணிகளில் ஒன்றாக உள்ளே போனது. அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரே அப்போது தேர்வுக் குழுத் தலைவர். விதிப்படி தன் அணியைப் பற்றிய பேச்சிலும் வாக்கெடுப்பிலும் அவர் இருக்க முடியாது, இருக்கவும் இல்லை. ஆனாலும் வெளியே விடப்பட்ட வெஸ்ட் வர்ஜீனியாவின் கோபம் நியாயமானதுதான், அவர்களிடம் முதல் பெட்டி வெற்றிகள் 6 இருந்தன. நார்த் கரோலைனா என்ன செய்தது? அட்டவணையைக் கடினமாகப் போட்டது. கான்சஸிடம் 92-89, ஆபர்னிடம் 85-72, மிச்சிகன் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 94-91, சொந்த ஊரில் அலபாமாவிடம் 94-79, ஃப்ளோரிடாவிடம் 90-84 என்று எல்லாம் தோல்வி. நியூயார்க்கில் யூசிஎல்ஏ-வை 76-74 என்று வென்றது மட்டும் மிச்சம். இதில் இரண்டு ஆட்டம் ஒரு கூடையில் போனவை. அவற்றில் ஒன்று மாறியிருந்தாலே மார்ச்சில் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பிப்ரவரியில் டியூக்கிடம் 87-70, மார்ச்சில் 82-69 என்று தோற்றதைத்தான் ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அணியைக் கடைசி வரிசைக்குத் தள்ளியது நவம்பரும் டிசம்பரும்தான். வேக் ஃபாரஸ்ட், எஸ்எம்யூ இரண்டும் நார்த் கரோலைனா போலவே கான்ஃபரன்ஸில் 13-7. இரண்டுமே வெளியே. அட்டவணையின் கனம்தான் வித்தியாசம்.

மூன்றாவது சந்திப்பு அதே மார்ச் 14-இல், ஷார்லட் நகரில், கான்ஃபரன்ஸ் போட்டியின் அரையிறுதி. முந்தின நாள் கணுக்கால் பிசகிய தன் முதலாண்டு நட்சத்திரம் கூப்பர் ஃபிளாக் இல்லாமலே டியூக் 24 புள்ளி முன்னிலை எடுத்தது. நார்த் கரோலைனா அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று ஒரே புள்ளி வித்தியாசத்துக்குக் கொண்டுவந்தது. கடைசி 5 நொடிக்குள் நார்த் கரோலைனாவின் வென்-ஆலன் லூபின் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) கோட்டில். பந்து உள்ளே விழுந்தது, ஆட்டம் சமம் என்று எல்லோரும் எழுந்தார்கள். விசில். கூடையடியில் வரிசையாக நின்றவர்களில் அவருடைய கூட்டாளி ஒருவர், பந்து எறிபவர் கையை விட்டுப் போகும் முன்பே கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார். எறிபவரின் கூட்டாளி அந்தத் தவறைச் செய்தால், விழுந்த புள்ளி ரத்து. எதிரணிக்காரர் செய்திருந்தால், எறிதல் தவறியிருந்தாலும் மறுபடி எறிய விடுவார்கள். அந்தப் பாரபட்சம் விதியிலேயே இருக்கிறது, ஏனென்றால் லாபம் யாருக்கு என்பதுதான் கேள்வி. டியூக் 74-71. கடைசி நிமிடத்தில் ரீபவுண்டுக்கு (தவறி வரும் பந்தைப் பிடிக்க) முந்த வேண்டும் என்ற துடிப்பில் இது நடக்கும். அந்த நேரத்தில் எறிபவர் பக்கத்துக்காரர் முந்த வேண்டிய தேவையே இல்லை; எறிபவரின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஏசிசி ஏன் இறங்கியது? 2017, 2018 இரண்டு ஆண்டும் 9 அணிகளை அனுப்பிய கான்ஃபரன்ஸ் இது. 2019-இல் நான்கு 1-ஆம் சீடுகளில் மூன்று இவர்களுடையது (டியூக், வர்ஜீனியா, நார்த் கரோலைனா), பட்டமும் வர்ஜீனியாவுக்கே. பிறகு பயிற்சியாளர்கள் என்ற தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நார்த் கரோலைனாவின் ராய் வில்லியம்ஸ் 2021, ஷஷெவ்ஸ்கி 2022, சிரக்யூஸின் ஜிம் பேஹைம் 2023, வர்ஜீனியாவின் டோனி பென்னட் 2024 அக்டோபர், மயாமியின் ஜிம் லாரனாகா அதே டிசம்பர். கடைசி இருவரும் சீசன் வாசலிலும் நடுவிலும் விலகினார்கள், அதற்குள் ஆட்களைத் தேடிச் சேர்க்கும் காலம் முடிந்துபோயிருந்தது. மயாமி அந்த ஆண்டு 7-24 என்று முடித்தது. அடியில் இப்படி ஓர் அணி இருப்பது எல்லோரையும் இழுக்கும், ஏனென்றால் அதை வெல்வதால் ஒன்றும் கூடாது.

இன்னொரு காரணம் பணமும் டிரான்ஸ்ஃபரும். 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயர், முகத்தை வைத்து விளம்பரப் பணம் பெறலாம். 2024-லிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம். 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாக, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதலாண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை, மாணவர்களுக்குப் பங்கு தரலாம். இதில் அமெரிக்கக் கால்பந்து எவ்வளவு தின்கிறது, கூடைப்பந்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதில்தான் கான்ஃபரன்ஸ்கள் வேறுபடுகின்றன. எஸ்இசி-யின் தொலைக்காட்சி வருமானம் பெரிது, இரண்டுக்கும் போட முடிகிறது. ஏசிசி-யில் பல கல்லூரிகள் ஒன்றைப் பட்டினி போட்டுத்தான் மற்றதை வளர்க்கின்றன. மார்ச்சில் குறைவான அணிகள் போனால் அடுத்த சுழற்சியும் பாதிக்கும். இறுதி ஆட்டம் தவிர, போட்டியில் ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் கான்ஃபரன்ஸுக்கு ஒரு யூனிட். ஒரு யூனிட் 6 ஆண்டுகளில் தவணையாக ஏறத்தாழ 20 லட்சம் டாலர். 2025-இல் இழந்த இடங்களின் குழி 2031 வரை தெரியும்.

ஆனால் இறங்கிவிட்டது என்று கை கழுவுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். 2024-இல் ஏசிசி-க்கு 5 இடம்தான். அந்த ஐந்தில் என்சி ஸ்டேட், கிளெம்ஸன், டியூக் மூன்றும் கடைசி எட்டில் இருந்தன. என்சி ஸ்டேட்டின் அந்த மார்ச் தனி அதிசயம்: சீசனின் கடைசி நான்கு ஆட்டம் தோற்று 17-14 என்று முடித்த அணி, ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்று கான்ஃபரன்ஸ் கோப்பையை எடுத்தது. அரையிறுதியில் வர்ஜீனியாவிடம் மூன்று புள்ளி பின்தங்கிய நிலையில், வர்ஜீனியாக்காரர் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட, மைக்கேல் ஓ'கானல் கடைசி நொடியில் எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. இறுதியில் நார்த் கரோலைனாவை 84-76. 11-ஆம் சீடாகப் போய், டியூக்கை 76-64 என்று வீழ்த்தி ஃபைனல் ஃபோர். அந்த ஆட்டத்தில் டிஜே பர்ன்ஸ் 29 புள்ளி, முதுகைக் காட்டி மெல்லத் தள்ளிக்கொண்டே போய் இடக்கையால் போடும் அந்த ஆட்டத்துக்கு டியூக்கிடம் பதில் இல்லை. உள்ளே போகும் எண்ணிக்கை வேறு, உள்ளே போனவர்களின் வலு வேறு. கான்ஃபரன்ஸ் தேறுமா என்று கேட்கும்போது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது.

ஆட்டக்காரர்களை மதிப்பிடுவதற்கு வருவோம். இங்கேதான் விவாதங்கள் வீணாகப் போகின்றன. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பது தனியாக ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் அணிகள் ஆடும் வேகம் வேறு. பந்து எத்தனை முறை கையில் வந்தது என்பதைக் கணக்கிட வேண்டும்: கூடைக்கு எறிந்தவை, கழித்தல் எதிரணிக் கூடையடியில் திரும்பப் பிடித்த ரீபவுண்டுகள், கூட்டல் பறிகொடுத்தவை, கூட்டல் ஃப்ரீ த்ரோக்களை 0.475-ஆல் பெருக்கியது. ஓர் அணி 60 எறிந்து, 10 பிடித்து, 11 பறிகொடுத்து, 20 ஃப்ரீ த்ரோ எடுத்தால்: 60 – 10 + 11 + 9.5 = 70.5. அது 78 புள்ளி எடுத்திருந்தால், 100 வாய்ப்புக்கு 110.6. இதே கணக்கில் 75 வாய்ப்பில் 80 எடுத்த அணியைவிட (106.7), 60 வாய்ப்பில் 70 எடுத்த அணி (116.7) மேல். பென்னட்டின் வர்ஜீனியா ஆமை வேகத்தில் ஆடியதால் தாக்குதல் தெரியாத அணி என்றே பேசினார்கள். 2019-இல் அதுதான் பட்டம் வென்றது.

மூன்று புள்ளி எறிதல் சதவீதத்தை நம்பி ஒருவரைத் தூக்கவோ தள்ளவோ கூடாது. 100 எறிந்து 35 போட்டவரின் உண்மைத் திறன் 30 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். அந்த அளவு எண்ணிக்கையில் வெறும் தற்செயலே இரண்டு பக்கமும் 5 புள்ளி ஆட்டும். டிசம்பரில் ஒருவர் 40 எறிதலில் 18 போட்டார் என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. முதலாண்டு மாணவர்களிடம் ஃப்ரீ த்ரோ சதவீதத்தைப் பாருங்கள், கையின் இயல்பு அதில்தான் சீக்கிரம் தெரியும். உயரமான நடு ஆட்டக்காரர்களிடம் 40 நிமிடத்துக்கு எத்தனை ஃபவுல் என்று பாருங்கள். 5 ஃபவுலில் வெளியே. மார்ச்சில் அவர் 18 நிமிடம்தான் களத்தில் நிற்பார் என்றால் சீசன் முழுதும் காட்டிய திறமை பாதிதான் உதவும்.

ஃபிளாக் விஷயத்தில் எண்ணும் கண்ணும் ஒன்றாகவே சொன்னன. 2024-25-இல் சராசரி 19.2 புள்ளி, 7.5 ரீபவுண்ட், 4.2 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போட வழி செய்த பாஸ்). ஜனவரியில் நோட்ர டாமுக்கு எதிராக 42 புள்ளி, ஏசிசி முதலாண்டு மாணவர் ஒருவரின் அதிகபட்சம். அடுத்த என்பிஏ தேர்வில் முதல் ஆள் அவர். டியூக் 35-4. அப்படியும் அந்த அணி எங்கே உடைந்தது என்பதைப் பார்த்தால் கல்லூரிக் கூடைப்பந்தின் வயதுக் கணக்கு விளங்கும்.

சான் அன்டோனியோ, 2025 ஏப்ரல் 5, ஃபைனல் ஃபோரில் ஹூஸ்டனோடு. 8 நிமிடம் சொச்சம் இருக்கையில் டியூக் 14 முன்னால். 35 நொடி இருக்கையில் 67-61. ஹூஸ்டனின் எமானுவல் ஷார்ப் மூன்று புள்ளி: 67-64. டியூக் பந்தை உள்ளே போடும்போதே பறிகொடுத்தது. ஹூஸ்டனின் அடுத்த எறிதல் தவறியது, ஜோசஃப் டக்லர் அதைப் பிடித்து அப்படியே கூடைக்குள் அடைத்தார்: 67-66. 20 நொடி. டியூக்கின் டைரீஸ் ப்ராக்டர் ஃப்ரீ த்ரோ கோட்டில். கல்லூரி விதியில், ஒரு பாதியில் எதிரணியின் 7-ஆம் ஃபவுல் முதல் 9-ஆம் ஃபவுல் வரை முதல் எறிதல் விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். 10-லிருந்துதான் இரண்டும் உறுதி. முதலே தவறியது. அந்த ரீபவுண்டுக்கு ஏறியபோது ஃபிளாக் ஃபவுல் செய்தார், ஹூஸ்டனின் ஜே'வான் ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார்: 68-67. ஃபிளாக்கின் கடைசி எறிதல் விளிம்பு தட்டியது. முடிவு 70-67. டியூக்கின் தொடக்க ஐவரில் மூன்று பேர் முதலாண்டு. ராபர்ட்ஸ் கல்லூரியில் ஆறாவது ஆண்டு. தன் ஆளைக் கூடையிலிருந்து முதுகால் அடைத்து வைக்கும் வித்தையை 18 வயதில் யாரும் முழுதாகக் கற்றிருப்பதில்லை. அதனால் ஓர் அணியின் வாய்ப்பைக் கணிக்கும்போது, பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை முடிக்க வேண்டிய கார்டு ஆட்டக்காரர்களின் வயதையும் ஃப்ரீ த்ரோவையும் முதலில் பாருங்கள், பேர் பெற்ற நட்சத்திரத்தை இரண்டாவதாக.

இனி ஏசிசி என்ன செய்கிறது? 2025-26 முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை 20-லிருந்து 18 ஆகக் குறைத்தது. ஒரு நிரந்தர எதிரணியோடு இரண்டு முறை, ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஒருவரோடு இரண்டு முறை, 14 பேரோடு ஒரு முறை, ஒருவரோடு ஆட்டமே இல்லை. டியூக்–நார்த் கரோலைனா இரண்டும் பத்திரம். ஆளுக்கு இரண்டு ஆட்டம் மிச்சம். அந்த இரண்டில் யாரைப் போடுகிறார்கள் என்பதுதான் எல்லாம். சொந்த ஊரில் 250-ஆம் இடத்து அணியைக் கூப்பிட்டு 40 புள்ளியில் ஜெயித்தால் நெட்டின் திறன் கணக்கு கொஞ்சம் ஏறும், ஆனால் பெட்டியில் ஒன்றும் விழாது. 40-ஆம் இடத்து அணியோடு பொது இடத்தில் ஆடினால் தோற்றாலும் நட்டம் குறைவு, வென்றால் முதல் பெட்டி. 2024-25 முதல் குழுவின் தாளில் சேர்ந்த வாப் என்ற அளவும் இதையே சொல்கிறது: உள்ளே போகுமா போகாதா என்ற எல்லையில் நிற்கும் ஒரு சராசரி அணி அந்த ஆட்டத்தை வெல்ல 30 சதவீத வாய்ப்பு என்றால், வென்றவருக்கு 0.7 கூடும், தோற்றவருக்கு 0.3 மட்டும் குறையும். 95 சதவீத வாய்ப்புள்ள ஆட்டத்தை வென்றால் 0.05. தோற்றால் 0.95 போயிற்று.

எனவே ஒவ்வொரு சீசனிலும் பார்க்க வேண்டியது: நவம்பர் கடைசியில் வரும் நன்றிகூறல் (தாங்க்ஸ்கிவிங்) வாரப் போட்டிகளில் ஏசிசி-யின் நடு அணிகள், அதாவது 5 முதல் 10-ஆம் இடம் வரை எதிர்பார்க்கப்படுபவை, எப்படி ஆடுகின்றன, டிசம்பர் தொடக்கத்தில் எஸ்இசி-யோடு எண்ணிக்கை என்ன. டியூக் ஜெயித்ததா என்பது இதில் பொருட்டே இல்லை, டியூக் எப்படியும் உள்ளே போகும். கிறிஸ்துமஸ் அன்று நெட் பட்டியலைத் திறந்து 75-க்குள் எத்தனை ஏசிசி பெயர்கள் என்று எண்ணுங்கள், ஏனென்றால் ஒருவர் ஊருக்கு மற்றவர் போய் ஜெயிக்கும்போது முதல் பெட்டி ஆவது அந்தப் பெயர்கள் மட்டும்தான். 10 இருந்தால் 7 அல்லது 8 அணிகளை எதிர்பார்க்கலாம். 6 இருந்தால் 4 அல்லது 5, அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பிப்ரவரியில் டியூக்–நார்த் கரோலைனா ஆட்டம் தொடங்கும் முன் அதே பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். கேமரனில் ஆட்டம் என்றால் நார்த் கரோலைனாவுக்கு டியூக் 75-க்குள் இருந்தால் போதும். டியூக்குக்கோ நார்த் கரோலைனா 30-க்குள் இருந்தாக வேண்டும். 2025 பிப்ரவரி 1 அன்று அது அப்படி இருக்கவில்லை, 17 புள்ளியில் வென்ற அந்த ஆட்டம் டியூக்கின் தாளில் முதல் பெட்டிக்குள் வரவில்லை.